தொட்டிக்குள் கடல்: சிவப்புப் பாசி வெளுப்பது ஏன்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிவப்புக் கடற்பாசி பற்றியவை. அதனால் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். மீன் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

"ஐயா, என்னுடையது 120 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. மூன்று மாதம் முன்பு கிராசிலாரியா என்ற சிவப்புப் பாசி ஒரு கைப்பிடி வாங்கி வைத்தேன். வந்தபோது அரக்குச் சிவப்பு, இப்போது வைக்கோல் நிறம். உப்பளவு 1.025, வெப்பம் 25 டிகிரி. நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட்டும் பூஜ்யம். தண்ணீர் இவ்வளவு சுத்தமாக இருந்தும் இதற்கு என்ன நோய்?"

நோய் இல்லை. பசி.

நீங்கள் பெருமையோடு எழுதியிருக்கும் அந்த இரண்டு பூஜ்யங்கள்தான் காரணம். கடல்நீர்த் தொட்டி வைக்க வருகிற எல்லோரும் முதலில் படிக்கிற பாடம், நைட்ரேட்டைக் குறை, பாஸ்பேட்டைக் குறை என்பது. அது பவளம் வைப்பவர்களிடமிருந்து வந்த பாடம். பாசிக்கோ அந்த இரண்டும்தான் சாப்பாடு. தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, ஏன் இளைத்துப் போனாய் என்று கேட்கிறோம்.

வெளுப்பு எப்படி வருகிறது என்று தெரிந்தால் நிலைமை புரியும். இந்தப் பாசியின் சிவப்பு, ஃபைகோஎரித்ரின் என்ற நிறமியால் வருவது. அது ஒரு புரதம். புரதம் என்றால் அதற்குள் நைட்ரஜன் இருக்கும். தண்ணீரில் நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கிற நாட்களில் பாசி இந்த நிறமியை நிறையக் கட்டி வைத்துக்கொள்கிறது. கிடைக்காத நாட்களில் அதையே உடைத்துச் செலவழிக்கிறது. சிவப்பு குறையக் குறைய, அதுவரை மறைந்திருந்த பச்சையமும் மஞ்சள் நிறமிகளும் வெளியே தெரிகின்றன. நீங்கள் பார்க்கிற வைக்கோல் நிறம் அதுதான். சேமிப்பு கரைந்துவிட்டது, உயிர் இன்னும் இருக்கிறது. இந்த நிலையில் கேட்டீர்களே, நல்லது. இதற்கு அடுத்த கட்டத்தை நான் என் தொட்டியில் பார்த்திருக்கிறேன்.

'டிராகன்ஸ் டங்' என்ற பெயரில் விற்கப்படும் ஹாலிமீனியா ஒன்று என்னிடம் இருந்தது. உள்ளங்கை அகலம், ஓரமெல்லாம் சுருள் சுருளாக, மேற்பரப்பில் சிவப்பும் ஆரஞ்சும் கலந்த வரிகள். அப்போது கண்ணாடியில் கொஞ்சம் பச்சைப் படலம் வந்தது என்று, பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையை வடிகட்டியில் போட்டேன். கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து நாளில் கண்ணாடி பளிச்சென்று ஆனது. ஹாலிமீனியாவின் ஓரங்கள் முதலில் ஆரஞ்சாகின, அப்புறம் பின்னால் இருக்கும் பாறை தெரிகிற அளவுக்கு ஊடுருவித் தெரிந்தன. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, விளக்கைக் கூட்டினேன். ஒரு காலையில் பார்த்தால் தண்ணீர் வெளியேறும் சல்லடையில் துண்டு துண்டாக ஒட்டிக்கிடந்தது. விரலால் எடுத்தால் நனைந்த மெல்லிய தாள் போலப் பிரிந்து போனது. மிச்சம் இருந்தது பாறையைப் பற்றியிருந்த அடிப்பகுதி மட்டும்தான். அன்றிலிருந்து பாசித் தொட்டியில் நான் அந்தக் குருணையைப் போடுவதில்லை.

சரி, எவ்வளவு கொடுப்பது? 1983-இல் அட்கின்சன், ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கடற்பாசிகளையும் கடற்புற்களையும் அளந்து வெளியிட்ட கணக்கு ஒன்று இன்றும் பயன்படுகிறது. அவற்றின் உடலில் பாஸ்பரஸ் அணு ஒன்றுக்கு நைட்ரஜன் 30, கார்பன் 550 என்பது நடுமதிப்பு. இதை நம் சோதனைக் கிட்டின் மொழிக்கு மாற்றினால், பாசி ஒரு பங்கு பாஸ்பேட்டை எடுக்கும்போது எடை கணக்கில் கிட்டத்தட்ட 20 பங்கு நைட்ரேட்டை எடுக்கிறது. அதனால்தான் பல தொட்டிகளில் நைட்ரேட் முதலில் தீர்ந்துபோகிறது. நான் என் தொட்டியில் நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 பிபிஎம் வரை வைத்திருக்கிறேன்.

உங்கள் தொட்டியில் மீன் இருந்தால் முதலில் தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓட்டுங்கள். பாஸ்பேட் உறிஞ்சி ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் நைட்ரேட் எழும்பவில்லை என்றால் நேரடியாகவே கொடுக்கலாம். 120 லிட்டரில் பாறையும் மணலும் போக 100 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்தால் நைட்ரேட் 6 பிபிஎம் ஏறும். ஒரே நாளில் போடவேண்டாம். மூன்றாகப் பிரித்து, ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, மூன்று நாள் நீரோட்டம் உள்ள இடத்தில் ஊற்றுங்கள். சோடியம் நைட்ரேட் கிடைத்தால் இன்னும் நல்லது, நாளடைவில் பொட்டாசியம் சேராது. அது கிராமுக்கு 7 பிபிஎம் ஏற்றும். எதுவானாலும் ஆய்வகத் தூய்மையில் வாங்குங்கள். தோட்டத்து உரக் கலவை வேண்டவே வேண்டாம். அதில் அம்மோனியாவும் செம்பும் கலந்திருக்கலாம், இரண்டும் தொட்டியைக் கெடுக்கும்.

ஒன்றை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். விளக்கு அதிகமானாலும் சிவப்பு வெளுக்கும். ஆனால் அப்போது விளக்கைப் பார்த்திருக்கும் நுனிகளும் மேல்பக்கமும்தான் வெளுத்திருக்கும். கொத்தைக் கையால் விலக்கிப் பார்த்தால் உள்ளே நிழலில் இருக்கும் கிளைகள் சிவப்பாகவே இருக்கும். உள்ளேயும் வெளியேயும் ஒரே வைக்கோல் நிறம் என்றால் அது பசி. பசிதான் என்றால், நைட்ரஜன் கிடைத்த ஒரு வாரம் பத்து நாளில் உள்கிளைகள் சிவக்கத் தொடங்குவதைப் பார்ப்பீர்கள். அது வரைக்கும் விளக்கையும் கொஞ்சம் தணித்து வையுங்கள். பட்டினியில் இருப்பதற்கு வெயில் கூடாது.

*

"என் தொட்டி மணலில் கருஞ்சிவப்பாகப் பாசி படர்ந்திருக்கிறது. வாங்கி வைக்காமல் தானாகவே வந்தது. இதை வளர்க்கலாமா?"

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது சிவப்புப் பாசியாக இருக்காது, ஒளிச்சேர்க்கை செய்யும் ஒருவகை பாக்டீரியாவான சயனோபாக்டீரியாவாக இருக்கும். ஒரு மெல்லிய குழாயால் உறிஞ்சிப் பாருங்கள். தோல் உரிவது போலப் படலமாகக் கிளம்பி வந்தால், மாலையில் அதன் மேல் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் நின்றால், அது சயனோதான். உண்மையான சிவப்புப் பாசிக்குத் தண்டு மாதிரியோ தகடு மாதிரியோ உருவம் இருக்கும், கிள்ளினால் இழுபடும்.

நிறம் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. பல சயனோபாக்டீரியாக்களிலும் ஃபைகோஎரித்ரின் உண்டு. மிகப் பழைய காலத்தில் ஓர் உயிரணு ஒரு சயனோபாக்டீரியாவை உள்ளே விழுங்கி வைத்துக்கொண்டதிலிருந்துதான் சிவப்புப் பாசியின் ஒளிச்சேர்க்கை உறுப்பே வந்தது. தூரத்து உறவு. ஆனால் தொட்டியில் இருவரையும் சேர்த்து வைக்க முடியாது. உறிஞ்சி எடுங்கள், அந்த மூலைக்குத் தண்ணீர் ஓட்டத்தைத் திருப்புங்கள், மணலில் தங்கிய கசடை அகற்றுங்கள். வாரம் இரண்டு முறை என்று ஒரு மாதம் பொறுமையாகச் செய்தால் பெரும்பாலும் போதும்.

*

"கிராசிலாரியா கிளைகளில் கடுகு போலச் சின்னச் சின்ன மேடுகள் வந்துவிட்டன, தொட்டால் கெட்டியாக இருக்கின்றன. புழுவா, கட்டியா என்று தெரியவில்லை. பயத்தில் பாதியை வெட்டி எறிந்துவிட்டேன். மீதியையும் எறிய வேண்டுமா?"

எறியாதீர்கள்! எறிந்த பாதிக்காகவும் வருந்துகிறேன். உங்கள் பாசி காய்த்திருக்கிறது.

ஒரு கிளையை வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பாருங்கள். மேடு ஒவ்வொன்றும் கிளையின் அதே நிறத்தில், அரைக்கோளமாக, கெட்டியாக இருக்கும். சற்றுக் கூர்ந்து பார்த்தால் உச்சியில் ஊசி குத்தியது போல ஒரு துளை தெரியும். இதற்கு சிஸ்டோகார்ப் என்று பெயர். பெண் பாசியில் கருவுற்ற இடத்தில் உருவாவது. உள்ளே வித்துகள் முதிர்ந்து அந்தத் துளை வழியே வெளியேறும். அழுகல் என்றால் வேறு மாதிரி இருக்கும். வெள்ளையாக, கொழகொழவென்று, விரல் பட்டால் கையோடு வந்துவிடும். உங்கள் கடிதத்தில் கெட்டியாக இருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

இது எவ்வளவு அரிய காட்சி என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிவப்புப் பாசிகளின் எந்த உயிரணுவுக்கும் நீந்துவதற்கு வால் கிடையாது. ஆண் அணுவும் நீந்தாது, தண்ணீர் கொண்டுபோகிற வழியில் போகும். அப்படியானால் பெண்ணிடம் எப்படிச் சேர்கிறது? தண்ணீர் ஓட்டம்தான் என்று வெகு காலம் சொல்லிவந்தார்கள். 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, கிராசிலாரியா கிராசிலிஸ் என்ற வகையில் ஐடோடியா பால்திகா என்னும் சிறு ஓட்டுடலியும் இந்த வேலையைச் செய்வதைக் காட்டியது. பாசி மேல் படிந்திருக்கும் நுண்பாசிகளை மேய்ந்துகொண்டு கிளைக்குக் கிளை திரிகிறது. அதன் உடலில் ஒட்டும் ஆண் அணுக்கள் அடுத்த பாசிக்குப் போய்ச் சேர்கின்றன. பூவுக்குத் தேனீ செய்கிற வேலை. அதைப் படித்த பிறகு என் தொட்டிப் பாறையில் இரவில் ஓடும் சின்னப் பூச்சிகளை நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

வெளியேறும் வித்துகள் நேராகத் தாய் மாதிரியே ஆகிவிடாது. அவற்றிலிருந்து இன்னொரு தலைமுறை வளர்ந்து, அது விடும் வித்துகளிலிருந்துதான் மறுபடியும் ஆணும் பெண்ணும் வரும். கிராசிலாரியாவில் இந்த இரண்டு தலைமுறைகளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சில சிவப்புப் பாசிகளில் ஒன்றை ஒன்று அடையாளமே தெரியாது. கேத்லீன் ட்ரூ-பேக்கர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ஜப்பானில் உணவுக்காகப் பயிரிடும் நோரியின் இனத்தைச் சேர்ந்த போர்ஃபைரா என்ற பாசியின் வித்துகள் சிப்பி ஓட்டுக்குள் துளைத்து இளஞ்சிவப்பு இழைகளாக வளர்வதைக் கண்டு 1949-இல் வெளியிட்டார். அதுவரை அந்த இழைகளை வேறொரு உயிரினம் என்றே நினைத்து வேறு பெயர் வைத்திருந்தார்கள். இயற்கையாக வரும் வித்தையே நம்பியிருந்த ஜப்பானியப் பாசி விவசாயிகள், அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு தாங்களே வித்தைத் தயார் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அந்த நன்றிக்காக 1963-இல் அவருக்கு ஜப்பானில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள்.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். அடுத்த சில வாரங்களுக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத்தையாவது சுரண்டாமல் விடுங்கள். பாசிக்கு அருகே சில சிப்பி ஓடுகளையும் சொரசொரப்பான சின்னக் கற்களையும் வையுங்கள். குண்டூசித் தலை அளவில் சிவப்பு வட்டங்கள் தோன்றினால் அவை குஞ்சுப் பாசிகளாக இருக்கலாம். அதன் நடுவிலிருந்து ஒரு முள் போல நிமிர்ந்து வளர மாதக்கணக்கில் ஆகும். எனக்கு இரண்டு முறை வட்டம் வந்தது, ஒரு முறைதான் முள் நிமிர்ந்தது. அந்தக் கல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

*

"சிவப்புப் பாசி மேல் பச்சை முடி போல வேறொரு பாசி ஏறிவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடில் முக்கி எடுக்கலாமா?"

கூடாது. பெராக்சைடுக்குப் பெரும்பாலான சிவப்புப் பாசிகள் பச்சையை விடச் சீக்கிரம் சாகும். வெள்ளைத் தட்டில் தொட்டித் தண்ணீர் ஊற்றி, மென்மையான பழைய பல்துலக்கியால் அடியிலிருந்து நுனிப் பக்கமாக நீவி எடுங்கள். ரொம்பச் சிக்கிய கிளைகளை வெட்டிவிடலாம். அப்புறம் ட்ரோகஸ் அல்லது செரித் நத்தைகள் இரண்டு மூன்று விட்டு, நீரோட்டத்தைக் கூட்டுங்கள். கிளைகள் எப்போதும் மெல்ல அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அசையாத கிளையில்தான் தூசு படியும், தூசில்தான் முடி முளைக்கும். ஹாலிமீனியா மாதிரி அகலத் தகடாக இருப்பவற்றுக்கு இது இன்னும் முக்கியம்.

*

"அங்கிள், நான் ஏழாம் வகுப்பு. செடி எல்லாம் பச்சையாக இருக்கும்போது இந்தப் பாசி மட்டும் ஏன் சிவப்பு? ஆழத்தில் இருட்டாக இருக்குமே, எப்படி வாழும்?"

தம்பி, இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். சூரிய ஒளியில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது இல்லையா? கடலுக்குள் போகப் போக சிவப்பு ஒளி முதலில் தீர்ந்துபோகும், மேலே சில மீட்டர்களிலேயே. நீலமும் நீலப்பச்சையும்தான் ஆழத்துக்கு இறங்கும். பச்சையம் அந்த நீலப்பச்சை ஒளியைச் சரியாகப் பிடிக்காது. ஃபைகோஎரித்ரின் பிடிக்கும். பிடித்துப் பச்சையத்திடம் கொடுக்கும். பச்சை ஒளியை எடுத்துக்கொண்டு சிவப்பைத் திருப்பி அனுப்புவதால் நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது.

எவ்வளவு ஆழம் தெரியுமா? 1984-இல் பஹாமாஸ் பக்கத்தில் கடலடி மலை ஒன்றை நீர்மூழ்கியில் இறங்கிப் பார்த்தவர்கள், 268 மீட்டர் ஆழத்தில் பாறை மேல் பூச்சு போலப் படர்ந்த சிவப்புப் பாசியைக் கண்டார்கள். உன் தொட்டியில் பாறை மேல் ஊதா நிறத்தில் கெட்டியாகப் படர்ந்திருக்கிறதே, அதுவும் அதே கூட்டம்தான். அதைச் சுரண்டிவிடாதே.

*

"சிவப்புப் பாசியோடு எந்த மீன் வைக்கலாம்?"

டாங் மீன், ராபிட் மீன் இரண்டும் வேண்டாம், ஒரு வாரத்தில் தண்டு மட்டும் மிஞ்சும். கடல் முள்ளெலியும் அப்படித்தான். எமரால்டு நண்டு, பொட்ரியோகிளாடியா என்ற சிவப்புப் பாசியின் திராட்சை போன்ற குமிழ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளித் தின்னும். கோபி மீன்களும் கோமாளி மீனும் பாசியைச் சீண்டாது. எனக்குப் பிடித்த ஜோடி கடற்குதிரையும் கிராசிலாரியாவும். கடற்குதிரைக்கு வாலைச் சுற்றிப் பிடிக்க ஒரு கிளை வேண்டும், மேயவும் செய்யாது. ஆனால் அதற்காக நீரோட்டத்தைக் கொஞ்சம் தணிக்க வேண்டிவரும், தூசைக் கையால் ஊதிவிட வேண்டிவரும். எந்த மீனுக்கு நோய் வந்தாலும் செம்பு கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மீனை வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே கொடுங்கள்.

*

"ஐயா, என் கிராசிலாரியா ஆறு மாதத்தில் தொட்டியை அடைத்துவிட்டது. தூக்கி எறிய மனம் வரவில்லை. கடலில் இருந்து வந்ததுதானே, கடலிலேயே விட்டுவிடலாமா?"

உங்கள் மனம் புரிகிறது, ஆனால் கடலில் மட்டும் விடவேண்டாம். உங்கள் பாசி எந்தக் கடலிலிருந்து வந்தது என்பது உங்களுக்கும் தெரியாது, விற்றவருக்கும் பெரும்பாலும் தெரியாது. கிராசிலாரியா சாலிகோர்னியா என்ற வகையை 1970-களில் வளர்ப்புச் சோதனைக்காக ஹவாயின் வைகிகி கடற்பகுதியில் கொண்டுவந்து விட்டார்கள். அது உடைந்து உடைந்து பரவி பவளத்திட்டுகள் மேல் மெத்தை போல மூடிவிட்டது. அப்புறம் தன்னார்வலர்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் பிடுங்கி டன் கணக்கில் அகற்ற வேண்டியிருந்தது. உடைந்த துண்டு ஒவ்வொன்றும் புதுச் செடியாகும் என்பதுதான் இதன் பலம்.

மாதம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கைக் கூர்மையான கத்தரியால் வெட்டுங்கள். அடைசலான கொத்தின் உள்ளே வெளிச்சமும் ஓட்டமும் போகாமல் அழுகத் தொடங்கும், அதனால் உள்ளே இருக்கும் பழைய கிளைகளை எடுத்துவிட்டு இளநுனிகளை விடுங்கள். வெட்டியதைத் தொட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குக் கொடுக்கலாம். டாங் மீன் வைத்திருப்பவர் இருந்தால் இருகை நீட்டி வாங்கிக்கொள்வார். ஈரத்தாளில் சுற்றி, சிறு பையில் போட்டு, வெயில் படாமல் எடுத்துப் போனால் சில மணி நேரம் தாங்கும். வாங்குபவர் நல்ல தண்ணீரில் கழுவிவிடக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். உப்பில்லாத தண்ணீர் பட்டால் அதன் உயிரணுக்கள் தாங்காது.

யாருக்கும் வேண்டாத மிச்சத்தை ஒரு வாளி நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டு, உப்பும் உயிரும் போன பிறகு வெயிலில் பரப்பிக் காயவையுங்கள். இரண்டு மூன்று நாளில் கம்பி போலச் சுருண்டு கருத்துவிடும். ஒரு வாளிக் கொத்து ஒரு பிடியாகக் குறைந்துவிடும். அதை நொறுக்கித் தோட்ட மண்ணில் கலந்துவிடலாம்.